அந்தப் படகின் விளக்குகளைச் செய்தவளுக்கு

போன வாரம் எங்கள் கம்பெனி வரவேற்பறை மேஜையில் ஒரு விழா மலர் கிடந்தது. வழவழப்பான தாள், பிரித்தால் அச்சு மை வாசனை. ரிமோட்டில் ஓடும் மாடல் படகுகள் வைத்திருக்கிறவர்களின் கிளப்புக்கு வெள்ளி விழாவாம். கம்பெனி பின்னட்டையில் விளம்பரம் கொடுத்திருந்ததால் இரண்டு பிரதிகள் அனுப்பியிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது. நம் படகு.

கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனாலும் அந்த மரக் கேபினும், கொஞ்சம் சாய்ந்த கொடிமரமும் எனக்குத் தெரியாதா? படத்தின் மேலேயே ஒரு பட்டை போட்டு இப்படி அச்சடித்திருந்தார்கள்: "ஒரே ரிமோட்டைக் கொண்டு ஆறு விளக்குகளையும் கரையிலிருந்தே இயக்கும் முறையைச் சொந்த முயற்சியில் உருவாக்கியவர், நம் நிறுவனர்." நம் ஓனர் ரிமோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு தாவணி தெரிகிறது. அது நீ. உன் முகம் இருந்த இடத்தில்தான் அந்தப் பட்டையைப் போட்டிருக்கிறார்கள்.

கீழே கட்டுரையிலும் நீ இருக்கிறாய், பெயர் இல்லாமல். "பணிப்பெண் ஒருவர் கவனக்குறைவாகச் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் இடம் மாற்றிப் பொருத்திவிட்டதைச் சிறப்பு விருந்தினர் சுட்டிக்காட்ட, ஒரே சிரிப்பு" என்று ஒரு சுவையான சம்பவமாக எழுதியிருக்கிறார்கள். வேலை அவருடையது, தப்பு உன்னுடையது.

வீட்டில் சொன்னேன். போனவங்களைப் பத்திக் குறை பேசி என்ன ஆகப் போகுது என்றார் என் வீட்டுக்காரர். ஓனர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறதாம், அவரைத் தப்பாகப் பேசக் கூடாதாம். நீயும்தான் போய்ச் சேர்ந்தாய், வருகிற ஆடியோடு இரண்டு வருஷம். உன்னைப் பற்றி எவன் ஒரு நல்ல வரி எழுதினான்? அதனால் நான் எழுதுகிறேன், உனக்கே எழுதுகிறேன். நீ குறுக்கே பேச முடியாது என்பது இந்த ஒரு தடவை எனக்கு வசதி. இருந்திருந்தால், "உடு புள்ள, இதுக்கெல்லாம் ஒரு கோவமா" என்று சொல்லி என் வாயை அடைத்திருப்பாய்.

கணபதி ஏரியாவில் அந்த ஸ்டெபிலைசர் ஒர்க்‌ஷாப்பில் நாம் பன்னிரண்டு பெண்கள். நீளமான ஒரு மேஜை, தலைக்கு மேல் டியூப் லைட்டுகள், ஆளுக்கொரு சால்டரிங் அயர்ன். தொண்ணூறுகளின் நடுவில் ஊரில் ஃபிரிட்ஜ் வாங்காத வீட்டுக்காரர்களும் முதலில் ஸ்டெபிலைசரை வாங்கி வைத்தார்களோ என்று நினைக்கும் அளவுக்கு வேலை இருந்தது. நான் பத்தாவது. நீ ப்ளஸ் டூ முடித்துவிட்டு டிப்ளமோ சேர ஆசைப்பட்டவள்; வீட்டில் முடியாது என்று சொல்லிவிட்டதால் லைனுக்கு வந்தாய். லைனில் யாரும் பேசக் கூடாது என்பது சட்டம். நீ மட்டும் பேசுவாய், போர்டோடு. "ஏனுங்க, இப்ப உங்களுக்கு என்னதான் வேணும்" என்று எரியாத போர்டைக் கேட்பாய். மரியாதையாகக் கேட்டால்தான் அது வாயைத் திறக்கும் என்று எனக்குச் சொல்லித் தருவாய். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விக்கல் வந்த நாட்கள் உண்டு.

நகப்பாலிஷ் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். போர்டில் வோல்டேஜைச் சரிசெய்யும் திருகை ஒரு அளவில் வைத்துவிட்டால் அது பிறகு அசையாமல் இருக்க அதன் தலையில் ஒரு சொட்டு நகப்பாலிஷ் வைப்போம். ஆளுக்கொரு நிறம். உனக்கு ரோஸ், எனக்கு மெரூன். கெட்டுப்போய்த் திரும்பி வந்த பெட்டியைத் திறந்தால் அது யார் கை என்று பொட்டைப் பார்த்தே தெரிந்துவிடும். ஓனர் அந்தப் பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு நம் மேஜைக்கு வந்து, "இது யாரு கலருங்க அம்மணி?" என்று கேட்பார். குரலை உயர்த்தவே மாட்டார். நம் ஊரில் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள், அது புதிதில்லை. 'ங்க' போட்டே ஒருத்தியின் உழைப்பைப் பிடுங்கிக்கொள்ளவும் முடியும் என்பதைத்தான் நான் அவரிடம் பார்த்தேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டிசைன் டேபிள் இருந்தது. புது மாடலுக்கான சர்க்யூட்டைப் போட்டுப் பார்க்கும் மேஜை. அதில் உட்கார்ந்திருந்தவர் பெங்களூர் போய்விட்டார், மாதக்கணக்காக நாற்காலி காலி. நீ தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவாய். உனக்குப் புடவை, நகை, சினிமா எதிலும் ஆசை இல்லை. அந்த மேஜையில்தான் ஆசை. ஒரு நாள் என்னிடம் மட்டும் சொன்னாய், "அதுல உக்காந்தா தப்பு பண்ணிப் பாக்கலாம் புள்ள. இங்க லைன்ல தப்பு பண்ணுனா வெசவுதான், அங்க தப்பு பண்றதுதான் வேல." நான் அதற்குச் சிரித்தேன். எனக்கு அது அப்போது புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஓனரின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து படகைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு முழம் நீளம், மீன்பிடிப் படகின் மாதிரி. ஓனரும் அவருடைய சிநேகிதர்கள் நாலைந்து பேரும் சேர்ந்து ஒரு கிளப் ஆரம்பிப்பதாக முடிவாயிற்று. சிங்காநல்லூர் குளத்தில் சாயங்காலம் பொழுது சாயும் நேரத்தில் தொடக்க விழா. மற்றவர்கள் படகு சும்மா ஓடும். தன் படகு ஓடவும் வேண்டும், நிஜக் கப்பலுக்குப் போல விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து அணையவும் வேண்டும் என்று ஓனருக்கு ஆசை. கொடிமரத்தில் வெள்ளை, இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் ஒரு வெள்ளை, கேபினுக்குள் ஒன்று, முன்னால் தேடு விளக்கு. மொத்தம் ஆறு.

ஆசை சரி, வழிதான் இல்லை. ரிமோட்டில் இருந்தது இரண்டே குச்சி. ஒன்று வேகத்துக்கு, ஒன்று திருப்புவதற்கு. விளக்குக்கு மூன்றாவது குச்சி கிடையாது. ஓனரின் சொந்தக்காரப் பையன் ஒருவன், புதிதாக டிப்ளமோ முடித்து ஆபீசில் வந்து உட்கார்ந்திருந்தானே, அவன் எல்லா விளக்கையும் ஒன்றாகக் கோத்து ஒரே சுவிட்சில் போட்டுவிட்டு, கரையிலேயே போட்டுத் தண்ணீரில் விட்டால் போயிற்று என்றான். ஓனர் முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கு நீ போர்டு கொடுக்க ஆபீசுக்குள் போனவள், ரிமோட்டை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டாய். கேட்டதே பெரிய விஷயம். வெளியே வந்த ஓனர் பன்னிரண்டு பேர் காதிலும் விழும்படி சொன்னார்: "இத மட்டும் செஞ்சு குடுத்துருங்க அம்மணி, அந்த டேபிள் உங்களுக்குத்தான்." பன்னிரண்டு பேர் கேட்டோம். இப்போது எனக்குத் தெரிந்து ஏழு பேர் உயிரோடு இருக்கிறோம், யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேட்கட்டும்.

மூன்று வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க நீ அந்தப் படகோடு இருந்தாய். உன் அரிசிம்பருப்புச் சாதத்தை நான் ஊட்டாத குறைதான். வேகக் குச்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருந்ததே, டிரிம் என்பார்கள். குச்சியின் அளவைக் கொஞ்சம் முன்னே பின்னே சரிசெய்ய வைத்தது. திருப்பும் குச்சிக்கு அது உதவும். வேகக் குச்சிக்கு அதை யாரும் தொடுவதில்லை. அதை நீதான் பார்த்தாய். அந்த நெம்புகோலை முழுக்கக் கீழே இழுத்தால், படகுக்குள் வேகத்தைக் கவனிக்கும் சின்ன மோட்டாரின் கை ஒரு நூல் அளவு நகர்ந்தது. படகு நகர்கிற அளவுக்குப் போதாது, ஒரு பொத்தானை அழுத்தப் போதும். அந்தக் கையின் வாலில் ஒரு குட்டிப் பொத்தானை வைத்தாய். ஒரு தடவை அழுத்தினால் ஒன்று, மறுபடி அழுத்தினால் இரண்டு என்று எண்ணுகிற ஐசி ஒன்றைக் காந்திபுரம் கடையில் தேடிப் பிடித்தாய். முதல் அழுத்தலுக்குக் கொடிமரம், இரண்டாவதுக்கு இரண்டு பக்கமும், மூன்றாவதுக்குப் பின்விளக்கு, இப்படியே போய்க் கடைசியில் எல்லாம் அணைந்து மறுபடி முதலிலிருந்து. அவ்வளவு எளிது. நீ செய்து காட்டிய பிறகு எல்லாருக்கும் எளிதுதான்.

முதலில் அது எண்ணத் தெரியாமல் எண்ணியது. ஒரு தடவை அழுத்தினால் மூன்று என்று கணக்குப் போட்டது. பொத்தான் ஒட்டும்போது துடிக்கிறது, ஒவ்வொரு துடிப்பையும் இது ஒரு அழுத்தல் என்று நினைத்துக்கொள்கிறது என்றாய். இரண்டு நாள் அதோடு மரியாதையாகப் பேசிப் பார்த்தாய். மூன்றாம் நாள் லைனில் உட்கார்ந்து ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் கட்டிக்கொண்டிருந்தபோது சட்டென்று எழுந்து நின்றாய். கரண்ட் போய் வந்தால் உடனே கொடுக்காமல் மூன்று நிமிஷம் பொறுத்துக் கொடுப்பதற்கு அதில் நாம் ஒரு சின்னச் சர்க்யூட் வைப்போம் அல்லவா? தினமும் நாற்பது தடவை கையால் கட்டுகிற சர்க்யூட். அதையே மூன்று நிமிஷத்துக்குப் பதில் அரை விநாடிக்குக் குறைத்துப் படகில் வைத்தாய். துடிப்பெல்லாம் அடங்கிவிட்டது. தண்ணீர்த் தொட்டியில் படகை விட்டு, நெம்புகோலைத் தட்டத் தட்ட விளக்கு ஒவ்வொன்றாக எரிந்தபோது லைன் மொத்தமும் சாப்பாட்டுத் தூக்கோடு தொட்டியைச் சுற்றி நின்றது. ஓனர் கைதட்டினார். "சொந்த முயற்சி" என்று மலரில் போட்டிருக்கிறார்களே, அந்தக் கைதட்டல்தான் அவருடைய முயற்சி.

இனி என் பங்கு. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தொட்டியில் பார்த்தது எல்லாமே வெள்ளைப் பல்புகளை வைத்துத்தான். சிவப்பு, பச்சை எல்ஈடிகள் விழாவன்று காலையில்தான் வந்தன. நீ பேட்டரி வாங்கக் காந்திபுரம் போக வேண்டியிருந்தது. போகும்போது என்னைக் கூப்பிட்டு, "எடப்பக்கம் செவப்பு, வலப்பக்கம் பச்ச. போட்டுரு புள்ள, நான் வாரேன்" என்றாய். நானும் தலையாட்டினேன். படகின் பின்பக்கம் என்னைப் பார்த்தபடி இருந்தது. நாம் கட்டுகிற ஒவ்வொரு ஸ்டெபிலைசரின் முகப்பிலும் இடப்பக்கம் பச்சை, வலப்பக்கம் சிவப்பு. பச்சை எரிந்தால் கரண்ட் சரி, சிவப்பு எரிந்தால் கட். நாலு வருஷமாக ஆயிரக்கணக்கில் அப்படியே பொருத்திப் பழகிய கை. காதில் விழுந்தது தலைக்குப் போகும் முன்னால் கை தன் வேலையை முடித்துவிட்டது. இடப்பக்கம் பச்சை, வலப்பக்கம் சிவப்பு. கனெக்டரில் ஒயரை வைத்துத் திருகி, திருகின் தலையில் அழகாக மெரூன் பொட்டும் வைத்தேன். கடலைக் கண்ணால் பார்க்காத ஊர்க்காரி நான். மாறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல அங்கே யாருக்கும் தெரியவும் தெரியாது. நீ திரும்பி வந்தபோது வண்டி கிளம்பத் தயாராக நின்றது.

குளக்கரையில் ஒரு பக்கம் மட்டும் ஆகாயத்தாமரையை வாரிப் போட்டுத் தண்ணீர் தெரியும்படி செய்திருந்தார்கள். நாற்காலிகள், மைக், குளிர்பானம். படகு சுமக்க ஆள் வேண்டும் என்று உன்னையும் என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் பாலக்காட்டுக்காரர், கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். படகு போயிற்று, திரும்பிற்று, நின்றது. ஓனர் நெம்புகோலைத் தட்டினார். கொடிமரம் எரிந்தது. மறுபடி தட்டினார். சனங்கள் ஆகா என்றார்கள். படகு நேராகக் கரையைப் பார்த்து வரும்போது அந்தப் பெரியவர் எழுந்து நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பக்க விளக்குகள் மாறியிருக்கின்றன, கடலில் இப்படிக் காட்டிக்கொண்டு வந்தால் எதிரில் வருகிறவன் தப்பான பக்கம் ஒதுங்கி வந்து மோதுவான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இதை யார் பொருத்தியது என்றும் கேட்டார்.

ஓனர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நம்ம லைன் புள்ளைங்க செஞ்சதுங்க. எடது வலது தெரியாதுங்களே அதுகளுக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ அதற்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கணுக்கால் தண்ணீரில் இறங்கி, படகைத் தூக்கி வந்து மூடியைத் திறந்துவிட்டாய். கனெக்டரைப் பார்த்தாய். மெரூன் பொட்டு. நிமிர்ந்து என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாய். பிறகு திருப்புளி முனையால் அந்தப் பொட்டைச் சுரண்டி எடுத்து ஊதிவிட்டு, திருகைத் தளர்த்தி, எல்ஈடி இரண்டையும் ஒயரோடு பிடுங்கி இடம் மாற்றிப் போட்டு இறுக்கினாய். ஓனர் உன் தோளுக்கு மேல் குனிந்து பார்த்தபோது அங்கே எந்த நிறமும் இல்லை. "யாருங்க அம்மணி மாத்திப் போட்டது?" என்றார்.

"நாந்தானுங்க" என்றாய் நீ.

நான் உன்னிலிருந்து நாலடி தூரத்தில் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. பெரியவர் நல்ல மனிதர். விளக்கு மாறியதை அப்போதே மறந்துவிட்டு, இரண்டே குச்சியில் ஆறு விளக்கை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். ஓனர் ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, டிரிம்மைக் காட்டி விளக்கினார். கேட்டுவிட்டு அவர் அசந்துபோய், இது யாருக்குத் தோன்றியது என்றார். ஈரப் பாவாடையோடு நீ பக்கத்திலேயே படகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். ஓனர் உன் பக்கம் திரும்பக்கூட இல்லை. "சும்மா ஒரு நாள் காபி குடிக்கறப்போ தோணுச்சுங்க" என்றார். எனக்கு அப்போது வந்த ஆத்திரத்துக்கு அந்த ரிமோட்டைப் பிடுங்கிக் குளத்தில் எறிந்திருக்க வேண்டும். அந்த நிமிஷத்தில்தான் மலரில் இருக்கிற படத்தையும் எடுத்தார்கள். வேனில் திரும்பினோம். இறங்கும்போது, "ரெண்டு ஒயரு தான புள்ள, போனாப் போகுது" என்று என் கையைத் தட்டினாய்.

போனது ஒயர் இல்லை. திங்கட்கிழமை காலை அந்தச் சொந்தக்காரப் பையன் டிசைன் டேபிளில் உட்கார்ந்திருந்தான். நீ நேராகப் போய்க் கேட்டாய், அதற்காவது உன்னை நான் மெச்சுகிறேன். ஓனர் கோபப்படவே இல்லை. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க அம்மணி, ஆனா எடது வலது மாத்திப் போடறவங்கள டிசைன்ல உக்கார வெச்சா நாளைக்குக் கம்பெனி பேரு என்னாகும் நீங்களே சொல்லுங்க என்று உன்னையே தீர்ப்புச் சொல்லச் சொன்னார். நீ வந்து உட்கார்ந்து அயர்னைக் கையில் எடுத்தாய். அன்றைக்கு உன் போர்டுகளோடு நீ பேசவில்லை. மூன்று மாதத்தில் வேலையை விட்டாய். அதற்குப் பிறகு உனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள், காங்கேயத்தில் தேங்காயெண்ணெய் மில்லில் வேலை பார்க்கிறவர். கல்யாணத்துக்கு லைனிலிருந்து எல்லோரும் வந்தோம்.

அந்தப் பையன் எட்டு மாதம் தாக்குப் பிடித்தான். அவன் கைபட்ட டிரான்ஸ்பார்மர்கள் வரிசையாகக் கருகின. கடைசியில் காந்திபுரத்தில் கடை வைக்கிறேன் என்று போய்விட்டான். ஓனர் என்னைக் கூப்பிட்டு, நீங்க அந்தப் புள்ளைகூட இருந்து பழகுனவங்கதானுங்களே, டேபிளைப் பார்த்துக்கங்க என்றார். நான் உன்னைத் திரும்பக் கூப்பிடலாமே என்றேன். அந்தப் புள்ள கெட்டிக்காரிதான், ஆனா அன்னிக்குக் குளத்துல என் மானம் போயிருச்சுங்களே என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மேஜையில் பதினோரு வருஷம் உட்கார்ந்தேன். இன்றைக்கு இந்தக் கம்பெனியில் எனக்கு ஒரு அறையும் என் பெயர் போட்ட பலகையும் இருக்கின்றன என்றால், அது அந்த மேஜையிலிருந்து வந்தது. என் தப்பை நீ எடுத்துக்கொண்டாய், உன் மேஜையை நான் எடுத்துக்கொண்டேன்.

காங்கேயத்துக்கு உன்னைப் பார்க்க வந்தேனே, மேஜை கிடைத்த விஷயத்தைச் சொல்ல. கொப்பரை வாசனை அடிக்கும் அந்த வீட்டு வாசலில் நீ மில்லின் மோட்டார் ஸ்டார்ட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். விஷயத்தைக் கேட்டதும் உண்மையிலேயே சந்தோஷப்பட்டாய். ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். நீ ஸ்டார்ட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்: "உங்கப்பா படுக்கையில. நீ சம்பாரிச்சாத்தான் மருந்து. எனக்குக் கலியாணம் முடிவாயிருந்துச்சு, எப்படியும் போறவதான். ரெண்டு பேர்ல யாரு போனா சேதாரம் கம்மின்னு பாத்தேன்."

பொய். உனக்குப் பெண் பார்க்க வந்ததே வேலையை விட்ட இரண்டு மாதத்துக்குப் பிறகு. அந்தத் தேதி எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? அப்பாவுக்கு மருந்து வாங்க வேண்டியிருந்தது நிஜம். ஆனால் என் குடும்பத்துக்கு எது நல்லது என்று முடிவு செய்ய உன்னை யார் கேட்டார்கள்? அந்தப் பொட்டைச் சுரண்டும் முன் என்னைக் கேட்டாயா? ஓனர் மேல் இருக்கிற கோபத்தில் பாதி உன் மேல் இருக்கிறது, இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ பெரிய மனது பண்ணிவிட்டுக் காங்கேயத்தில் ஸ்டார்ட்டர் கழற்றிக்கொண்டிருந்தாய். நான் உன் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு புதுச் சர்க்யூட் வேலை செய்தபோதும் இது அவள் செய்திருக்க வேண்டியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் பெருந்தன்மையை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படி நிம்மதியாக இருக்க முடியும்? தப்புப் பண்ணிப் பார்க்கலாம் என்றுதானே அந்த மேஜைக்கு ஆசைப்பட்டாய்? நீ செய்யாத தப்புக்கு அதை இழந்தாய். செய்த நான் உட்கார்ந்தேன்.

உன் சாவு வீட்டில்கூட நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் மகள் என்னிடம் வந்து, "அம்மா ஒர்க்‌ஷாப்புல என்ன வேல பாத்தாங்க பெரியம்மா?" என்று கேட்டாள். லைன்ல இருந்தாங்க கண்ணு என்றேன். அது பொய்யில்லை. அதனால்தான் அது இன்னும் உறுத்துகிறது.

மலரைப் பார்த்த மூன்றாம் நாள் அந்தக் கிளப்பின் ஆபீசுக்குப் போனேன். செயலாளர் இளைஞர், தன்மையானவர், என்னை உட்கார வைத்துக் காபி வாங்கிக் கொடுத்தார். அந்த விளக்கு முறையைச் செய்தது நிறுவனர் இல்லை என்று சொன்னேன். உன் முழுப் பெயரையும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் நம்பவும் இல்லை. படகும் இப்போது இல்லையாம், யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். கட்டுரையில் ஒரு பணிப்பெண் வருகிறாரே அவரா, விளக்கை மாற்றிப் பொருத்தியவரா என்று கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம், நீங்க சொல்றதுக்கு ஆதாரம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றார்.

"இருக்குதுங்க" என்றேன். "அன்னிக்கு சிவப்பையும் பச்சையையும் மாத்திப் போட்டது நானுங்க. அவ இல்ல. அவ செஞ்ச வேலைல ஒரு தப்பும் இல்லீங்க. என் தப்பத் தன் தப்புன்னு சொன்னா, அதனால அவ செஞ்சதையும் அவளுதுன்னு சொல்ல ஆளில்லாமப் போயிருச்சு. எனக்கு எப்படித் தெரியும்னா, நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். திருத்தம் போடலாம், ஆனால் உங்கள் பெயரும் வருமே, பரவாயில்லையா என்றார். போடுங்கள் என்றேன். வேலைக்கு நேராக அவள் பெயர், தப்புக்கு நேராக என் பெயர், இரண்டும் முழுசாக. குறித்துக்கொண்டார். போடுவாரா என்று தெரியாது. போடாவிட்டால் மறுபடி போவேன். உன் மகளுக்கு நேற்றே ஃபோன் செய்து சொல்லிவிட்டேன், உன் அம்மா என்ன வேலை பார்த்தாள் என்று.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா? அந்த ஆபீசில், நீ இல்லாத ஒரு அறையில், முன்பின் தெரியாத ஒருவர் எதிரில் அதைச் சொன்னபோது சுவரில் கடிகாரம் இருந்தது. சொல்லி முடித்ததும் என் கண் தானாக அதன் மேல் போயிற்று. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இத்தனை வருஷமாக என்னால் தூக்க முடியாத கனம் என்று நினைத்துக்கொண்டிருந்தது வெறும் அரை நிமிஷம். குளக்கரையில் அந்த அரை நிமிஷம் என்னிடம் இருந்தது. நீ படகைப் பிடித்துக்கொண்டு அது முடியும் வரைக்கும் என் பக்கத்தில் நின்றாய்.